‘ஆம்பிளை’ எண்டால் யார்? கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆண்களும் அமெரிக்கச் சினிமாவும்

‘மூன்லைட்’ படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், பெரும்பாலும் கதை ஒஸ்கார் மேடையிலேயே நின்றுவிடுகிறது. 2017 பெப்ரவரி 26 அன்று சிறந்த படம் எண்டு ‘லா லா லாண்ட்’டின் பெயரை வாசித்தார்கள். அந்தப் படக்குழு நன்றி சொல்லிக்கொண்டு நிற்கும்போதே, இல்லை, விருது ‘மூன்லைட்’டுக்குத்தான் என்று திருத்தினார்கள். யூடியூபில் அந்தக் காட்சியைப் பார்க்காத ஆள் குறைவு. ஆனால் ஒரு கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆணைப் பற்றிய படம் அந்த மேடைக்கு வர ஏன் அவ்வளவு காலம் எடுத்தது? வந்தபோது அது எப்படிப்பட்ட ஆணைக் கூட்டிக்கொண்டு வந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு.

‘முந்தி மோசமாகக் காட்டினார்கள், இப்ப நல்லாகக் காட்டுகிறார்கள்’ என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. இந்த வரலாறு முழுக்க ஓடுவது ‘ஆண்மை’ என்ற சொல்லை யார் வைத்திருப்பது என்ற சண்டை. அதைப் பார்க்காவிட்டால் படங்களும் விளங்காது, படங்களைப் பற்றிய வாதங்களும் விளங்காது.

ஒரு பதாகையும் ஒரு சொல்லும்

1968இல் மெம்பிஸ் நகரத்தில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லொறியின் நசுக்கும் இயந்திரத்துக்குள் அகப்பட்டு இரண்டு தொழிலாளர்கள் செத்ததில் தொடங்கிய போராட்டம் அது. மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு கொடுக்கப் போயிருந்தபோதுதான் ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர்கள் கழுத்தில் மாட்டியிருந்த பதாகையில் இருந்தது ஒரேயொரு வசனம். அதைத் தமிழில் ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதுவதா, ‘நான் ஒரு ஆண்’ என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே சொல். வளர்ந்த மனுசனைக்கூட வெள்ளையர்கள் ‘பொடியா’ எண்டு கூப்பிட்ட ஒரு நாட்டில், மனிதன் என்று நிரூபிப்பதும் ஆண் என்று நிரூபிப்பதும் ஒன்றாகவே ஆகிவிட்டன.

சினிமாவும் இதில் கைசேர்த்தது. 1915இல் டி. டபிள்யூ. கிரிபித் எடுத்த ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ படத்தில் கறுப்பின ஆண் வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் மிருகம். அவனைப் பிடித்துக் கொல்கிற கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம்தான் வீரர்கள். அதற்குப் பின்னர் வந்த படங்களில் அவன் சோம்பேறிக் கோமாளி அல்லது பணிவான வேலைக்காரன். ஒண்டில் மிருகம், இல்லாட்டில் கோமாளி. நடுவில் ஒரு சாதாரண ஆண் இல்லை.

இதற்கு எதிர்வினையாக 1971இல் ‘ஸ்வீட் ஸ்வீட்பாக்ஸ் பாடாஸ் சோங்’, ‘ஷாஃப்ட்’ ஆகிய படங்கள் வந்தன. தோல் ஜாக்கெட், துவக்கு, பெண்கள், யாருக்கும் பயப்படாத நடை. அந்த ஆண்களைத் திரையில் பார்த்துக் கறுப்பினப் பார்வையாளர்கள் கைதட்டியது ஏன் என்பது விளங்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாத ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஆண்மையைத் திருப்பி எடுக்கிறோம் என்று சொல்லும்போது, ‘ஆண்மை இல்லாதவன்’ என்று ஒருவனைக் காட்டவும் வேண்டியிருந்தது. 1968இல் வந்த தன் நூலில் எல்ட்ரிட்ஜ் க்ளீவர், எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினை அவருடைய தற்பாலீர்ப்பை வைத்தே தாக்கினார். அது தன் இனத்தையே வெறுப்பதற்கு அடையாளம் என்கிற மாதிரி எழுதினார். அப்ப எல்லாரும் அப்படித்தான் யோசித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1970 ஓகஸ்டில் பிளாக் பாந்தர் கட்சியின் தலைவர் ஹியூயி நியூட்டன், பெண் விடுதலை இயக்கத்தோடும் தற்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கத்தோடும் கூட்டணி வேணும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே நியூட்டன்தான் அடுத்த வருடம் ‘ஸ்வீட்பாக்’ படத்தைப் புரட்சிகரமான படம் என்று புகழ்ந்து கட்சிப் பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதியவர். ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன.

சிரிப்புக்கு ஒரு ஆள்

1976இல் ‘கார் வோஷ்’ என்ற நகைச்சுவைப் படம் வந்தது. இயக்கியவர் மைக்கேல் ஷுல்ட்ஸ். அதில் அன்டோனியோ ஃபார்கஸ் நடித்த லிண்டி, பெண் உடையும் ஒப்பனையும் போட்டுக்கொண்டு கார் கழுவும் இடத்தில் வேலை செய்கிற ஆள். கறுப்பின தேசியவாதியான அப்துல்லா, லிண்டியைப் பார்த்து நீ எங்கட இனத்துக்கே வெட்கக்கேடு என்கிற தோரணையில் பேசுகிறான். அதற்கு லிண்டி கொடுக்கும் பதில், உன்னைவிட நான் கூடிய ஆம்பிளை, உனக்குக் கிடைக்கப்போற எந்தப் பெண்ணைவிடவும் நான் கூடிய பொம்பிளை என்ற கருத்தில் வரும். தியேட்டரில் எல்லாரும் சிரிக்கிற இடம். ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து? அந்த ஒரு நிமிடம் அது அப்துல்லாவின் பக்கம் திரும்புகிறது. படம் அதற்குமேல் லிண்டியைப் பற்றி ஒன்றும் அறிய முயலவில்லை. அவருக்கு வீடு இருக்கா, காதல் இருக்கா, ஒன்றும் தெரியாது.

எண்பதுகளில் சிரிப்பு இன்னும் கசப்பானது. எயிட்ஸ் பரவத் தொடங்கிய காலத்திலேயே எடி மர்ஃபி தன் மேடைக் கொமடியில் தற்பாலீர்ப்பாளர்களையும் அந்த நோயையும் வைத்துப் பகிடி விட்டார். பின்னாளில் 1996இல் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 1990இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘இன் லிவிங் கலர்’ நிகழ்ச்சியில் டேமன் வேயன்ஸும் டேவிட் அலன் க்ரியரும் ரெண்டு நளினமான சினிமா விமர்சகர்களாக வந்து, விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் படங்களுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். நிகழ்ச்சி பெரிய வெற்றி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. சுத்தமாகக் காட்டாமல் விடுவதைவிடப் பகிடியாகவாவது காட்டுவது பரவாயில்லைத்தானே? அந்தச் சொடுக்கும் நளினமும் அந்தச் சமூகத்துக்குள் உண்மையாகவே இருக்கிற விசயம்தானே?

இதற்குப் பதில் எழுதியவர் மார்லன் ரிக்ஸ். 1991இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இது: நளினமான தற்பாலீர்ப்பு ஆண் என்ற கேலிச்சித்திரம், கறுப்பின வீர ஆணுக்குத் தேவைப்படுகிற ஒன்று. தன்னை ஆம்பிளை என்று நிரூபிக்க அவனுக்குக் கீழே ஒருவன் வேணும். முந்தி வெள்ளையர்கள் கறுப்பின ஆணைக் கோமாளியாக்கித் தங்களை உயர்த்திக்கொண்ட அதே வேலையை இப்ப கறுப்பின நகைச்சுவையே செய்கிறது. விரல் சொடுக்கு அந்த ஆண்களிடம் இருக்கும்போது அது ஆயுதம், கிண்டல், தற்காப்பு. அதை எடுத்து வேறொருவன் போட்டுக் காட்டும்போது அது வெறும் பொம்மை.

நாக்கின் கட்டை அவிழ்த்த படம்

ரிக்ஸ் 1957இல் டெக்சாசில் பிறந்தவர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆவணப்பட ஆசிரியர். 1989இல் அவர் எடுத்த ‘டங்ஸ் அன்டைட்’ 55 நிமிடப் படம். கட்டப்பட்ட நாக்குகளை அவிழ்த்துவிடுவது என்பது தலைப்பின் பொருள். ஆவணப்படம் என்று சொன்னாலும் நிபுணர்கள் கதிரையில் இருந்து விளக்கம் சொல்கிற படம் இல்லை. கவிதை, பாட்டு, நடனம், கிசுகிசுப்பு, ரிக்ஸே கமெராவைப் பார்த்துச் சொல்லும் தன் கதை, எல்லாம் கலந்தது. கவிஞர் எசெக்ஸ் ஹெம்பில் அதில் தோன்றித் தன் கவிதைகளைச் சொல்கிறார்.

ஜோர்ஜியாவில் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தன்னை எப்படி எப்படி ஏசினார்கள் என்று ரிக்ஸ் சொல்லும்போது, ஏசும் வாய்கள் மட்டும் திரை முழுக்க வருகின்றன. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதிக்குப் போகிறார். தற்பாலீர்ப்பு ஆண்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த அந்த இடத்தில் தன்னைப் போன்ற முகமே இல்லை என்று விளங்குகிறது. கறுப்பினத்தவருக்குள் தற்பாலீர்ப்பாளன், தற்பாலீர்ப்பாளருக்குள் கறுப்பினத்தவன். ரெண்டு வீட்டிலும் வாசலில்தான் இடம். விரல் சொடுக்கின் வகைகளைப் பாடம் நடத்துகிற மாதிரி விளக்கும் பகுதியும் இந்தப் படத்தில்தான் இருக்கு. சிரிப்பு வரும். ஆனால் இந்த முறை சிரிப்பு அவர்களோடு சேர்ந்து. அதே படத்தில் எயிட்ஸால் செத்த ஆண்களின் மரண அறிவித்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

1991இல் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் இந்தப் படத்தை ஒளிபரப்ப முடிவெடுத்தபோது பல நிலையங்கள் மறுத்தன. அரச கலை நிதியிலிருந்து 5,000 டொலர் ஒரு பிராந்திய அமைப்பினூடாகப் படத்துக்குப் போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1992இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் நின்ற பட் புகானன், ஜனாதிபதி புஷ்ஷுக்கு எதிரான தேர்தல் விளம்பரத்தில் படத்தின் துண்டுக் காட்சிகளைப் போட்டார். உங்கட வரிப்பணம் இதுக்குத்தான் போகுது என்கிற மாதிரி. 1988இல் வில்லி ஹோர்ட்டன் என்ற கறுப்பினக் கைதியைக் காட்டி வாக்காளர்களைப் பயப்படுத்தியிருந்தார்கள். இப்ப அந்த இடத்தில் தங்களை நிறுத்துகிறார்கள் என்று ரிக்ஸ் நியூயோர்க் டைம்ஸில் எழுதினார்.

படத்தைப் பற்றி உள்ளுக்குள்ளும் வாதம் இருந்தது. கறுப்பின ஆண் கறுப்பின ஆணை நேசிப்பதே புரட்சி என்ற கருத்தோடு படம் முடிகிறது. ஆனால் ரிக்ஸின் வாழ்க்கைத் துணை ஒரு வெள்ளையர். அப்ப இது இரட்டை வேடமா என்று கேட்டார்கள். அந்த ‘நேசம்’ என்ற சொல்லைக் கட்டிலுக்குள் மட்டும் அடைத்துப் பார்ப்பதால் வருகிற கேள்வி இது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவரை ஒருவர் அடிக்காமல், ஏசாமல், சாகும்போது பக்கத்தில் இருப்பதும் நேசம்தான். ரிக்ஸ் 1994இல் எயிட்ஸால் இறந்தார். வயது 37. கடைசிப் படமான ‘பிளாக் இஸ்... பிளாக் எயின்ட்’டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கமெராவோடு கதைக்கிறார். இறைச்சி, றால், மரக்கறி எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் கம்போ என்ற லூயிசியானாச் சமையலைக் காட்டி, கறுப்பினம் என்பதும் அப்படித்தான், யாரையும் சட்டிக்கு வெளியே போட ஏலாது என்பதே அந்தப் படத்தின் வாதம். அவர் இறந்த பிறகு சகாக்கள்தான் அதை முடித்தார்கள்.

‘டங்ஸ் அன்டைட்’ வந்த அதே 1989இல் பிரித்தானியாவில் ஐசக் ஜூலியன் ‘லுக்கிங் ஃபொர் லாங்ஸ்டன்’ எடுத்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸை மையமாக வைத்து ஹார்லெம் மறுமலர்ச்சிக் காலத்தைக் கறுப்பு வெள்ளையில் கனவுபோலக் காட்டுகிற படம். ஹியூஸ் தன் ஈர்ப்பைப் பற்றிப் பகிரங்கமாக எதுவும் சொன்னதில்லை. அவருடைய படைப்புரிமையை வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். நியூயோர்க் திரைப்பட விழாவில் அவருடைய கவிதை வரும் இடங்களில் ஒலியைக் குறைத்துத்தான் படத்தைப் போட்டார்கள். செத்த பிறகும் ஒரு கவிஞரின் ‘ஆண்மை’யைக் காவல் காக்க ஆட்கள் இருந்தார்கள்.

‘மூன்லைட்’ கொண்டுவந்த ஆண்

ஹொலிவூட்டின் மையத்தில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1993இல் ‘சிக்ஸ் டிகிரீஸ் ஒஃப் செப்பரேஷன்’ படத்தில் தற்பாலீர்ப்புப் பாத்திரத்தில் நடித்த வில் ஸ்மித், இன்னொரு ஆணை முத்தமிட மறுத்தார். கமெராக் கோணத்தை வைத்துச் சமாளித்தார்கள். ஆணை முத்தமிட்டால் கறுப்பின நட்சத்திரத்தின் சந்தை போய்விடும் என்ற பயம் அது. பிறகு ஸ்மித்தே அதற்காக வருந்தினார்.

அந்தப் பின்னணியில் பார்த்தால் ‘மூன்லைட்’ எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். இயக்குநர் பரி ஜென்கின்ஸும் மூலக்கதை எழுதிய டரல் அல்வின் மக்ரேனியும் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளர்ந்தவர்கள்; இருவருடைய தாய்மாரும் போதைக்கு அடிமையாகி இருந்தவர்கள். மக்ரேனி தற்பாலீர்ப்பாளர், ஜென்கின்ஸ் அப்படி இல்லை. ஷிரோன் என்ற ஒருவனை மூன்று வயதுகளில் மூன்று நடிகர்கள் நடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகக்கூடாது என்று படப்பிடிப்பில் அவர்களைச் சந்திக்க விடவில்லை.

படத்தின் மிக நல்ல விசயம் ஹுவான். மஹர்ஷலா அலி நடித்த போதைப்பொருள் வியாபாரி. பழைய படங்களில் துவக்கோடு வரும் அதே ‘வீர ஆண்’ இங்கே ஒரு பொடியனைக் கடலில் கையில் தாங்கி நீந்தப் பழக்குகிறான். தன்னை ஏசும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பொடியன் கேட்கும்போது அடிக்காமல், சிரிக்காமல் பதில் சொல்கிறான். பிறகு, நீங்கள் போதைப்பொருள் விக்கிறீங்களா, என்ர அம்மா அதைப் பாவிக்கிறாவா என்று கேட்கிறான். அதற்கும் உண்மையைத்தான் சொல்கிறான். ஆண்மை என்று படித்த எல்லாம் அந்த மேசையில் கழன்று விழுகிறது.

ஆனாலும் வாதம் முடியவில்லை. மூன்றாம் பகுதியில் வளர்ந்த ஷிரோன் பெரிய உடம்பு, தங்கப் பற்கள், பெரிய கார் என்று ஹுவானின் நகலாகவே வருகிறான். இது கவசம், உள்ளே அதே பயந்த பொடியன் என்று படம் காட்டுகிறது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பார்வையாளருக்கு இந்தக் கவசம் வசதியாகவும் இருக்கு. அவன் பல வருடமாக ஒருவரும் தொடாத ஆள். நளினமாக நடப்பதில்லை, உரத்துச் சிரிப்பதில்லை, விரலைச் சொடுக்குவதில்லை. அவனுக்காக அழுவது எல்லாருக்கும் லேசு.

2023இல் வந்த ‘ரஸ்டின்’ படத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1963 ஓகஸ்ட் 28 வோஷிங்டன் பேரணியை ஒழுங்குபடுத்திய பயர்ட் ரஸ்டினின் கதை. தற்பாலீர்ப்பாளர் என்பதால் தோழர்களே அவரை ஒதுக்கினார்கள். செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் அவருடைய பழைய கைதை செனட்டில் எடுத்துக் கதைத்தார். அவரை நடித்த கொல்மன் டொமிங்கோவும் வெளிப்படையான தற்பாலீர்ப்பாளர், ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வரலாற்றில் மறைத்த ஆளைத் திரும்பக் கொண்டுவந்தது முக்கியம். ஆனால் கால் மில்லியன் சனத்தைத் திரட்டிய ஆளுக்கு மரியாதை கொடுப்பது கஷ்டமில்லை.

கஷ்டம் லிண்டிக்குக் கொடுப்பது. என்னுடைய வாதம் இதுதான்: கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆணைப் பார்த்துச் சிரித்த சினிமா இப்ப அவனுக்காக அழப் பழகிவிட்டது. அதுக்கு அவன் போதியளவு ‘ஆம்பிளை’யாக, அல்லது போதியளவு பெரிய மனுசனாக இருக்க வேணும் என்ற நிபந்தனை இன்னும் போகவில்லை. நளினமானவன், சத்தமானவன், சாதாரணமானவன் கதாநாயகனாக வந்து, காதலித்து, கடைசிவரை உயிரோட இருக்கிற படங்களை எண்ண ஒரு கை காணும்.

‘மூன்லைட்’ பார்த்தவர்கள் அதோடு நிற்காமல் ‘டங்ஸ் அன்டைட்’டையும் தேடிப் பாருங்கள். 27 வருடம் முந்தின படம். ஆனால் லிண்டியை வாசலுக்கு வெளியே விடாத படம் அதுதான். அதைப் பார்த்த பிறகு ‘முன்னேறியிருக்கிறோம்’ எண்டு லேசாகச் சொல்ல மனம் வராது.