சேது நாட்டு இசைக் குருகுலமும் பாலித்தீவின் கலைப்பயிற்சியும்

முன்னுரை

ஒரு நாட்டின் இசையையும் ஆடலையும் பிறநாட்டார் கற்க விரும்பின், நூல்வழிக் கற்றல் போதுமா, அன்றி அந்நாட்டு வாழ்வினுட் புகுந்து வாழ்ந்தே கற்றல் வேண்டுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு இசையறிஞரிடையே எழுந்தது. அது வலுப்பெறுதற்குப் பெருங்காரணமாய் அமைந்தவற்றுள் பாலித்தீவின் கலையும் ஒன்று. அவ்வினாவிற்குரிய விடையைத் தமிழகத்துக் குருகுலம் நெடுங்காலமாகவே நடைமுறையிற் கொண்டிருந்தது. சேதுபதிகளின் ஆதரவில் வளர்ந்த இராமநாதபுரத்து இசைமரபு இதற்குச் சிறந்த சான்றாகும். இவ்விரண்டையும் ஒப்புநோக்கி, குருகுலம் உண்மையில் எதனைக் கற்பித்தது என்பதனை வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சேதுபதிகளும் இசைக்கலையும்

இராமேசுவரத் திருக்கோயிலையும் சேது வழியையும் காத்து வந்தமையாற் சேதுபதி எனப் பெயர்பெற்ற மன்னர்கள், தமிழையும் இசையையும் ஒருங்கே புரந்தனர். இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தவை. இராமாயணக் காட்சிகளோடு, மன்னர் இசையும் ஆடலும் கண்டு மகிழும் காட்சிகளும் அவற்றுள் இடம்பெற்றுள்ளன. அவையில் இசைக்கு இருந்த இடத்தை இவை காட்டும்.

1889 முதல் 1903 வரை ஆண்ட பாசுகர சேதுபதி காலத்தும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பொன். பாண்டித்துரைத் தேவர் காலத்தும் இவ்வாதரவு ஓங்கி நின்றது. அக்காலத்து இராமநாதபுரத்திற்குப் பெருமை தேடித்தந்தவர் பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919). இவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். கீர்த்தனங்களும் தில்லானாக்களும் இயற்றியவர். இவரிடம் பயின்றோருள் தலையாயவர் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967).

2. குருகுலம் கற்பித்தது யாது?

அரியக்குடியார் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடத்தும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடத்தும் பயின்ற பின்னரே பூச்சி ஐயங்காரிடம் வந்தார். இஃது ஆழ்ந்து நோக்கற்பாலது. சுரவரிசையும் அலங்காரமும் வருணமும் அறியாத சிறுவராக அவர் இராமநாதபுரம் வரவில்லை. அடிப்படைப் பயிற்சியை முன்னரே பெற்றிருந்த மாணாக்கர், மேலும் பல ஆண்டுகள் ஓர் ஆசிரியருடன் வாழ்ந்தார் எனின், அங்குப் பெற்றது பாடத்தொகை மட்டும் அன்று என்பது தெளிவு.

குருகுலத்திற் கிடைப்பனவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது பாடம், அதாவது கீர்த்தனங்களின் வழுவற்ற வடிவம். இரண்டாவது நடை, இராகத்தை எவ்விடத்துத் தொடங்கி எவ்வளவில் நிறுத்துவது, எக்காலப் பிரமாணத்திற் பாடுவது என்பன இதன்பாற்படும். மூன்றாவது தெரிவு, எந்த அவையில், எதன்பின் எதனைப் பாடுவது என்னும் உணர்வு. பாடத்தைச் சுரதாளக் குறிப்பால் எழுதிவைத்தல் கூடும். நடையை ஓரளவே எழுதலாம். தெரிவையோ எழுதுதல் அரிது. ஆசிரியர் விடியலிற் பாடும்போது கேட்டும், அரங்கிற் பின்னமர்ந்து உடன்பாடியும், அவர் விலக்கியது எது, மீண்டும் மீண்டும் கையாண்டது எது என நோக்கியுமே மாணாக்கர் அதனைப் பெறுவர்.

பிற்காலத்தில் இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என அரியக்குடியார் போற்றப்பெற்றார். வருணத்தில் தொடங்கி, மத்திம காலத்துக் கீர்த்தனங்களால் விறுவிறுப்பூட்டி, விரிந்த இராகமும் பல்லவியும் பாடி, துக்கடாக்களால் நிறைவுசெய்யும் அம்முறை, தெரிவு என்னும் மூன்றாவது கூற்றின் விளைவே ஆகும். புதிய அமைப்பொன்றை அவர் வகுத்தமையால், குருகுலம் ஆசிரியரைப் படியெடுக்கும் மாணாக்கரையே உண்டாக்கும் என்னும் கூற்றுப் பொருந்தாமை புலனாகும்.

3. பாலித்தீவின் சான்று

கனடாவிற் பிறந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ (1900–1964) பாலி இசையின் ஒலித்தட்டுகளைக் கேட்டு ஈர்க்கப்பட்டு, 1931இல் அத்தீவிற்குச் சென்றார். சாயான் என்னும் சிற்றூரில் வீடு அமைத்து, இடையிடையே வெளியே சென்றுவந்தாலும், 1938 வரை அத்தீவையே தம் ஆய்விடமாகக் கொண்டார். ஊர்க்கலைஞரோடு பழகியும், சிறுவர் குழு ஒன்று உருவாகத் துணைநின்றும் அவர் திரட்டிய செய்திகள், அவர் மறைந்தபின் 1966இல் பெருநூலாக வெளிவந்தன.

நூல்வழிக் கல்வி அங்கு ஏன் போதாதாயிற்று? அதற்குரிய காரணம் அவ்விசையின் அமைப்பிலேயே உள்ளது. பாலியின் கமெலான் என்னும் வெண்கல இசைக்குழுவில் இணைக்கருவிகள் இரண்டும் ஒரே சுருதியில் அமைக்கப்படுவதில்லை. ஒன்று சிறிது தாழ்ந்தும் மற்றொன்று சிறிது உயர்ந்தும் நிற்கும். இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது எழும் அதிர்வினை அவர்கள் அலை என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். ஒரு குழுவின் சுருதி மற்றொரு குழுவிற்குப் பொருந்தாமையின், கருவிகளை மாற்றிக்கொள்ளுதலும் இயலாது. மேலும், விரைந்த இசைத்தொடர் ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் விடும் இடத்தை மற்றவர் நிரப்புவர். தனித்துக் கற்பவருக்கு அதிற் பாதியே கிட்டும். ஆகவே, குழுவோடு அமர்ந்தாலன்றி அவ்விசை கைகூடாது. ஆடலும் அத்தகையதே. ஆசிரியர் மாணாக்கரின் பின்னின்று, அவர்தம் கைகளைப் பற்றித் தாமே இயக்கிக் கற்பிப்பர். கண் கற்குமுன் உடல் கற்கும் முறை அது.

கூட்டிசையாகிய கமெலானும் தனிப்பாடகரை நடுவணாகக் கொண்ட நம் இசையும் அமைப்பால் வேறுபட்டவை. எனினும், ஆசிரியர் இசைப்பதைக் கேட்டுத் திருப்பியிசைத்தல், ஏட்டினும் செவியை முதன்மையாகக் கொள்ளுதல், கோயில் விழாவோடு கலை பிணைந்திருத்தல் என்பன இரண்டற்கும் பொது. இராமகாதையும் பொதுவே. 1930களில் உருப்பெற்ற கெச்சாக் என்னும் பாலிக் கூத்தில் ஆடவர் பலர் வட்டமாக அமர்ந்து வானரப் படையாக ஒலியெழுப்புவர். சேதுக்கரையிற் கேட்கும் கதை அங்கு ஒலிக்கூத்தாகத் திகழ்கின்றது.

4. கடல்கடந்த ஆசிரியர்

ஆடவனும் பாடவனும் தன் இசையோடு பிறிதோர் இசையிலும் பயிற்சி பெறல்வேண்டும் என்னும் கருத்தை மேன்டில் ஹூட் 1960இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். கலிபோர்னியாவில் அவர் நிறுவிய ஆய்வுநெறியில் வளர்ந்தவர் இராபர்ட் பிரவுன் (1927–2005). இவர் த. இரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்று, தென்னாட்டு மிருதங்கத்தைப் பற்றியே ஆய்வுரை எழுதினார். 1960களில் அமெரிக்க வெசுலியன் பல்கலைக்கழகத்தில் இவர் அமைத்த திட்டத்தின்கீழ்த் தமிழக இசைவாணர் பலர் ஆசிரியராயினர்.

அவருள் ஒருவர் இராமநாதபுரம் கிருட்டிணன் (1918–1973). சேது நாட்டு மிருதங்க வித்துவான் சித்சபைச் சேர்வையின் மைந்தரும், அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் மாணாக்கருமான சி. எசு. சங்கரசிவத்திடம் பயின்றவர் அவர். அரியக்குடியாரின் மாணாக்கரான கே. வி. நாராயணசாமியும் அங்குக் கற்பித்தார். இவ்வாறு இராமநாதபுரத்து இருவேறு ஆசிரிய மரபுகளும் அமெரிக்க வகுப்பறையை எய்தின.

அதே காலத்தில் சேது நாட்டிலோ நிலைமை மாறியிருந்தது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் உழவர்க்கு நன்மை பயந்தது. ஆயின் அரண்மனை தந்த கலைப்புரவலுக்கு அடிப்படையான வருவாய் அதனால் நீங்கிற்று. இசைவாணர் சென்னைச் சபைகளையும் வானொலியையும் நாடிச் சென்றனர். ஆசிரியர் ஓரூரில் நிலைத்து வாழ்ந்தாலன்றிக் குருகுலம் நிலையாது.

ஈண்டு இரு முறைகளை வேறுபடுத்தல் வேண்டும். மெக்ஃபீயிடத்து மாணாக்கர் கலையின் நாட்டிற்குச் சென்றார். வெசுலியனில் ஆசிரியர் மாணாக்கரின் நாட்டிற்குச் சென்றார். பின்னைய முறையிற் பாடமும் நடையும் சென்று சேரும். அவையும் விழாவும் சுவைஞர் கூட்டமும் உடன்செல்லா. ஆகவேதான் வெசுலியனிற் பயின்ற ஜான் ஹிகின்சு (1939–1984), அங்குக் கற்றதோடு அமையாது தமிழகத்திற்கு வந்து தங்கி, த. விசுவநாதனிடம் தொடர்ந்து பயின்றார். தமிழ்ச் சுவைஞர் அவரைப் பாகவதர் என்றே அழைத்து ஏற்றனர். இராபர்ட் பிரவுனும் பிற்காலத்திற் பாலித்தீவின் பயாங்கானில் இல்லம் அமைத்து, மாணாக்கர் அங்கேயே தங்கிக் கற்க வழிசெய்தார். வகுப்பறையின் எல்லையை அதனை அமைத்தவரே உணர்ந்தமைக்கு இது சான்று. வெசுலியனில் நவராத்திரி இசைவிழா ஆண்டுதோறும் நடைபெற்று வருவதும், கலைக்குரிய சூழலையும் உடன்கொணரும் முயற்சி எனலாம்.

முடிவுரை

குருகுலத்தைக் குறையற்றதாகக் கூறுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. ஆசிரியரின் உறவும் ஆதரவும் வாய்த்த சிலர்க்கே அது கதவு திறந்தது. பலர் குலத்தாலும் பாலாலும் வறுமையாலும் வெளியே நின்றனர். 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக்கல்லூரியும் அதன்பின் தோன்றியனவும் அக்கதவை அகலத் திறந்தன. பாலியிலும் 1960இல் தென்பசாரில் இசைப்பள்ளி தோன்றிற்று. ஆகவே, பழமைக்கு மீளுதல் தீர்வாகாது.

பாடத்தைக் கல்லூரி காக்கும். நடையை ஒலிப்பதிவு ஓரளவு காக்கும். தெரிவு என்னும் மூன்றாவது கூறோ, ஆசிரியரும் மாணாக்கரும் உடனுறைந்தாலன்றி அழிந்தொழியும். அயல்நாட்டார் இதனைப் பாலியில் வாழ்ந்து உணர்ந்தனர். நாம் இராமநாதபுரத்தில் முன்பே பெற்றிருந்தோம். இசைப் பட்டத்திற்குப் பயிலும் மாணாக்கர், ஓராண்டேனும் ஓர் ஆசிரியரோடு உடனுறைந்து கற்பதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக்குதல் பல்கலைக்கழகங்களின் கடமையாகும். சேது நாட்டு ஆசிரிய மரபுகளின் வழிவந்தோர் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.