சீர்காழியும் கட்டளை மரபும்

காவிரி பாயும் சோழநாட்டிலே நிலமுடையார் ஒருவர் கோயிலுக்கென்று எழுதிவைத்த தர்மத்தைக் 'கட்டளை' என்று நம் முன்னோர் வழங்கியதில் ஆழ்ந்த கருத்தொன்று உண்டு. இன்ன நிலத்தின் விளைவு இன்ன காலத்துப் பூஜைக்கு, இன்ன சந்நிதியின் விளக்குக்கு, இன்ன நாளின் அன்னதானத்துக்கு என்று அவர் விதித்த ஏவல், அவர் மறைந்த பின்னும் மறையாது நின்றது.

ஒரு கோயிலின் நித்திய நைமித்திகங்கள் அனைத்தையும் தனியொருவர் தாங்குவது அரிதாகலின், பலரும் பகுத்துக்கொண்டு ஆளுக்கொரு கைங்கரியத்தை ஏற்றனர். திருவாரூரில் இராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை எனத் தனித்தனியே பெயர் வழங்குவது இதனாலேயே. இவ்வாறு சிதறிக் கிடந்த தர்மங்களை ஒருமுகப்படுத்திப் பரிபாலித்தவை சைவ மடங்கள். 16-ஆம் நூற்றாண்டில் குருஞானசம்பந்தர் நிறுவிய தருமபுர ஆதீனத்தின் பரிபாலனத்தில் உள்ள சீர்காழிக் கோயிலில், மடத்தின் பிரதிநிதியாக ஊரிலேயே தங்கிக் காரியம் பார்த்தவர் கட்டளைத் தம்பிரான் எனப்பட்டார்.

அத்தகைய தம்பிரான் ஒருவரால் தமிழிசைக்கு விளைந்த நன்மை சொல்லுந் தரமன்று. தில்லையாடியிற் பிறந்து தருமபுரத்திற் பயின்ற அருணாசலக் கவிராயர் (1711–1779) ஒருகால் சீர்காழி வழியே சென்றபோது, பழைய நட்பினராகிய தம்பிரான் அவரது புலமையை அறிந்து, குடும்பத்தோடு அவ்வூரிலேயே வாழ வகைசெய்தார் என்பது வரலாறு. பின்னர், அயலிலுள்ள சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் அவர்தம் மாணாக்கர் இருவர் இசையமைக்க, கவிராயர் பாடல் புனைய, ஸ்ரீரங்கத்தில் அரங்கேறியது இராமநாடகம். சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அதனை ஆதரித்தார். மடம் இடங்கொடுத்தது, மாணாக்கர் இசை கொடுத்தனர், செல்வர் பொருள் கொடுத்தனர். ஒருவர் குறைந்திருப்பினும் அக்காவியம் ஊரெங்கும் ஒலித்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வாறு மடங்களும் செல்வரும் பேணிய தர்மங்களில் பின்னாளில் அரசும் தலையிட்டது. 1817-இல் கும்பெனி அரசு அறநிலையங்களை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்ததும், 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பொறுப்பினின்றும் விலகியதும், பின்வந்த சட்டங்கள் மீண்டும் அரசின் கண்காணிப்பை நிறுவியதும் நாம் அறிந்தவையே. கணக்கு வழுவாதிருக்கச் சட்டம் வேண்டும். ஆனால் பழைய நண்பரைக் கண்டதும் வீடமைத்துக் கொடுக்கும் மனத்தை எந்தச் சட்டத்தாலும் விதிக்க இயலாது.

இன்று பொதுத்தொண்டுக்குப் பொருள் வழங்கும் ஸ்தாபனங்களை 'அறக்கட்டளை' என்கிறோம். ஒருமுறை கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு விலகாமல், ஊரில் தங்கி, பிற தர்மங்களோடு கைகோத்து, கொடுத்த காரியம் நிறைவேறும்வரை உடனிருக்குமாறு அச்சொல்லின் பிற்பாதி நம்மை ஏவுகிறது என்பதை, அப்பெயரைத் தாங்கியுள்ளோர் நினைவிற்கொள்வார்களாக.