அரசனைக் கட்டிய பல்

கலிங்கத்து இளவரசி ஹேமமாலி கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் புத்தரின் பல், 4ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தலைநகர் அநுராதபுரம் சேர்ந்தது. பிறகு தலைநகர் பெயர்ந்த இடமெல்லாம் அதுவும் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி அப்போதைய தலைநகர் யாப்பகூவையைக் கொள்ளையிட்டு, அதை மதுரைக்கே எடுத்துப்போனான். இலங்கை மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் போய்ப் பணிந்து கேட்டு வாங்கி வந்தான். சண்டை பிடித்து மீட்கவில்லை. முதலாம் விமலதர்மசூரியன் காலத்தில் அது கண்டிக்கு வந்தது.

பல் யாரிடமோ நாடு அவரிடம் என்பது அங்குள்ள நம்பிக்கை. இதை அரசனுக்கு வாய்த்த வசதியாக மட்டும் படிப்பவர்கள் மறுபாதியைத் தவறவிடுகிறார்கள். பல் அவன் சொத்தல்ல, அவன் வெறும் காவலாள். அறம் பிசகினால் காவலாளை மாற்றலாம்.

நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு இது நன்றாகத் தெரியும். 1753இல் சயாம் நாட்டுப் பிக்குகளை வரவழைத்து, பிக்குகளின் உயர் தீட்சையான உபசம்பதாவுக்கு உயிர் கொடுத்தான். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் எசல பெரஹரா ஊர்வலத்தில் பல்லை முன்னே நடத்தினான். அப்படியும் 'சைவன்' என்ற முணுமுணுப்பு ஓயவில்லை; 1760இல் பிரதானிகளும் சில பிக்குகளும் அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். தப்பினான். அதற்குப் பிறகும் விகாரைத் திருப்பணியை அவன் விடவில்லை. பக்தியா, அரசியலா? அந்தச் சிம்மாசனத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தப்பவில்லை. அரசனுக்குரிய புனிதக் கடமைகளை மீறியதால் உரிமை இழந்தான் என்றது 1815 மார்ச் 2இன் கண்டி ஒப்பந்தம். தர்ம மொழியில் எழுதி, பிரதானிகள் நாட்டை வெள்ளையரிடம் கொடுத்தார்கள். மன்னன் கைதியாக வேலூருக்குப் போனான். அவனை நீக்கியதோடு நிற்காமல், அவன் இனத்தாரையே 'மலபாரிகள்' என்று அரியணையிலிருந்து விலக்கியது அதே ஒப்பந்தம். 1818 கிளர்ச்சியில் பல் கலகக்காரர் கைக்குப் போய், மீண்டும் வெள்ளையரிடம் சிக்கியது, கிளர்ச்சியும் தளர்ந்தது. கிறிஸ்தவ அரசு பௌத்தச் சின்னத்தைக் காப்பதா என்று மிஷனரிகள் கூச்சலிட, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் அந்தக் காவலைக் கைகழுவினார்கள்.

இன்று பல் இருக்கும் பேழையின் பொறுப்பு மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்கர்களிடமும், இல்லறக் காவலரான தியவதன நிலமேயிடமும் இருக்கிறது. தனி ஒருவருக்கு அதிகாரமில்லை. 1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகளின் லொறிக்குண்டு, பல் இருக்கும் தலதா மாளிகையின் முகப்பைச் சிதைத்து, வழிபட வந்தவர்களையும் கொன்றது. அதை எதைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

இன்றைய அரசுக்கும் ஒரு காவல் கடமை உண்டு: 1978 இலங்கை அரசியல் யாப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, மற்ற மதத்தவரின் சுதந்திரத்தையும் அதே மூச்சில் உறுதி செய்கிறது. முதற்பாதி நடைமுறையில் இருக்கிறது. காவலாளைக் கேள்வி கேட்கும் பழைய கண்டி வழக்கத்தை இரண்டாம் பாதிக்காகவும் பயன்படுத்த வேண்டும்.