வெனிஸில் சாய்ந்தது, ஏ9 வீதியில் ஓடுகிறது

கனகராயன்குளத்தில் ஏ9 வீதியோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அகலப் பரந்து வலப்பக்கம் சாய்ந்த எழுத்துக்கள் பஸ்களின் பக்கவாட்டிலும் லொறிகளின் நெற்றியிலும் பறந்து போகும். வேகத்துக்கென்றே பிறந்தவை போல இருக்கும். ஆனால் அவற்றின் மூதாதை பிறந்தது, கைக்கடக்கமான புத்தகங்களில் அடங்கி இருப்பதற்காக.

1501இல் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ், வேர்ஜிலின் கவிதைகளைச் சிறு பதிப்பாக வெளியிட்டார். அதற்கு பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்து, படித்தவர்களின் கையெழுத்தைப் பார்த்துச் செய்தது. ஒடுக்கமானது, சற்றே சாய்ந்தது. பிரான்சின் லியோன் நகர அச்சகர்கள் உடனே நகல் எடுத்தார்கள். கொதித்துப்போன ஆல்டஸ், அவர்களுடைய பதிப்புகளில் மலிந்த பிழைகளைப் பட்டியலிட்டு 1503இல் ஓர் அறிவித்தல் விட்டார். நகல்காரர்களோ அதையே பிழைதிருத்தமாக வைத்துத் தங்கள் புத்தகங்களைச் செம்மையாக்கிக்கொண்டார்கள்!

தமிழ் எழுத்து அச்சேறியது 1578இல், கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்' நூலோடு. இங்கே தலையிடி வேறு. உயிர்மெய் வரிசைக்கே ஏராளமான அச்சுக்கள் வார்க்கவேண்டும். சாய்ந்த தொகுதி ஒன்றும் வேண்டுமென்றால் செலவு இரட்டிப்பு. 1849இல் ஆறுமுக நாவலர், பாதிரிமாரின் ஆயுதமான அச்சியந்திரத்தையே வண்ணார்பண்ணையில் நிறுவி அவர்களுக்குப் பதில் கொடுத்தார். நல்ல உத்தியை நகல் எடுப்பதில் லியோன்காரர் மட்டும் கெட்டிக்காரர் அல்லர்.

இதற்கிடையில் 1816இல், இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன், முனைகளில் இருந்த சிறு கால்களை வெட்டிவிட்டு மொட்டையான பெரிய எழுத்துக்களை அச்சில் காட்டினார். 1957இல் ஏட்ரியன் ஃபுருட்டிகரின் யுனிவர்ஸ் எழுத்துரு, ஒடுங்கியது, அகன்றது, சாய்ந்தது என 21 உடன்பிறப்புகளோடு வந்தது. இடமிருந்து வலம் வாசிக்கும் கண்ணுக்கு வலச்சாய்வு முன்னோக்கிய பாய்ச்சலாகப்படும். பொதி அனுப்பும் டிஎச்எல்லின் சிவப்பு எழுத்துக்கள் அகன்று சாய்ந்திருப்பது சும்மா அல்ல.

கணினி வந்ததும் ஈயச் செலவு போயிற்று. ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் சாயும். ஆனால் 'கனகராயன்குளம்' என்று அடித்துச் சாய்த்துப் பாருங்கள். ரகரத்தின் அரவு பரவாயில்லை. ளகரத்தின் வளைவு முட்டை போல நசுங்கும். 'ன்', 'ம்' இரண்டின் புள்ளியும் வலப்பக்கம் நகரும்; 'ன்' இன் புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்கே போகப் பார்க்கும். அகலத்தையும் இழுத்துவிட்டால், நின்ற கோடுகள் தடித்து, படுத்த கோடுகள் மெலிந்தே கிடக்கும். கையால் எழுதும் பெயிண்டர் இவற்றையெல்லாம் கண்ணாலேயே சரிப்படுத்திவிடுவார். ஸ்டிக்கர் வெட்டும் மெசினுக்கு அந்தக் கண் இல்லை.

ஆகவே சாய்வைத் தனியாக வரையத்தான் வேண்டும். கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழுக்கு அப்படியொரு சாய்ந்த வடிவம் உண்டு. ஆனால் அது புத்தகப் பக்கத்துக்குரிய எழுத்து. பஸ்ஸுக்குப் பொருந்தும் அகன்ற, மொட்டையான தமிழ்ச் சாய்வெழுத்தைப் பிசகில்லாமல் வரைந்து கொடுப்பவரை நகல் எடுக்க, வவுனியா முதல் யாழ்ப்பாணம் வரை ஸ்டிக்கர் கடைகள் தயார். அவர் பிழைப்பட்டியல் மட்டும் வெளியிடாமல் இருந்தால் சரி.