என்.எஃப்.எஸ். வேகக் குறைவு

என்.எஃப்.எஸ். வேகக் குறைவு என்பது யுனிக்ஸ் வகைக் கணினிகள் வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும்போது, வன்தட்டும் வலையமைப்பும் தரக்கூடிய வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில் அக்கோப்புகள் படிக்கப்படுவதை அல்லது எழுதப்படுவதைக் குறிக்கும். என்.எஃப்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் உருவாக்கியது. இதில் கோப்புகளை வைத்திருக்கும் கணினி வழங்கி எனவும், அவற்றைப் பயன்படுத்தும் கணினி வாங்கி எனவும் அழைக்கப்படும்.

கோளாறு உள்ள இடத்தை அறிதல்

வேகக் குறைவுக்கான காரணம் வலையமைப்பிலோ, வழங்கியின் வன்தட்டிலோ, என்.எஃப்.எஸ். அமைப்பிலோ இருக்கலாம். வழங்கியிலேயே ஒரு பெரிய கோப்பை எழுதிப் பார்த்து வன்தட்டின் வேகத்தை அறியலாம். அக்கோப்பு வழங்கியின் நினைவகத்தைவிடப் பெரியதாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் நினைவகத்தின் வேகமே அளக்கப்படும். வலையமைப்பின் வேகத்தை, வன்தட்டைத் தொடாத ஐபெர்ஃப் போன்ற கருவியால் அளக்கலாம். இவ்விரண்டும் சரியாக இருப்பின் என்.எஃப்.எஸ். அமைப்பை ஆராய வேண்டும்.

வலையமைப்புக் காரணங்கள்

100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பின் ஒரு முனை முழு இருவழி முறையில் நிலையாக அமைக்கப்பட்டு, மறுமுனை தானாகத் தேர்ந்துகொள்ளுமாறு விடப்பட்டால், மறுமுனை அரை இருவழி முறைக்குச் சென்றுவிடும். அப்போது பிங் கட்டளைக்கு ஒழுங்காக மறுமொழி வரும்; பெரிய கோப்புகள் மட்டும் மிக மெதுவாக நகரும்.

என்.எஃப்.எஸ். பதிப்பு 2 பெரும்பாலும் யு.டி.பி. நெறிமுறையில் இயங்கியது. அதில் ஒரு கோரிக்கையில் 8192 பைட்டுகள் வரை அனுப்பலாம். ஈதர்நெட் பொதி வழக்கமாக 1500 பைட்டுகளையே கொள்ளும் என்பதால் அத்தரவு ஆறு துண்டுகளாகச் செல்லும். ஒரு துண்டு தொலைந்தாலும் ஆறையும் மீண்டும் அனுப்ப வேண்டும். டி.சி.பி. நெறிமுறையில் தொலைந்த பகுதியை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும். வாங்கியில் என்.எஃப்.எஸ்.ஸ்டாட் கட்டளை காட்டும் மறு அனுப்பல்களின் எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்தால், பொதிகள் தொலைகின்றன அல்லது வழங்கி தாமதமாக மறுமொழி தருகிறது எனக் கொள்ளலாம்.

எழுதும் வேகமும் தரவுப் பாதுகாப்பும்

பதிப்பு 2 இல், தரவை வன்தட்டு போன்ற நிலையான சேமிப்பில் சேர்த்த பின்னரே வழங்கி மறுமொழி தர வேண்டும். 1995 இல் வரையறுக்கப்பட்ட பதிப்பு 3, தரவை முதலில் நினைவகத்தில் ஏற்று, கமிட் என்னும் கோரிக்கை வரும்போது வன்தட்டில் சேர்க்க இடமளித்தது. அதுவரை வாங்கி தன் படியை வைத்திருப்பதால், வழங்கி இடையில் நின்றாலும் தரவை மீண்டும் அனுப்ப இயலும்.

லினக்சு வழங்கியில் உள்ள ஏசிங்க் தெரிவு, தரவு வன்தட்டில் சேருமுன்னரே சேர்ந்துவிட்டதாக மறுமொழி தருகிறது. இதனால் வேகம் வெகுவாக உயரும். ஆனால் மின்தடையால் வழங்கி நின்றால், எழுதி முடிந்ததாக வாங்கி கருதிய தரவு எச்சரிக்கையின்றி இழக்கப்படும். என்.எஃப்.எஸ். யூட்டில்ஸ் தொகுப்பின் 1.0.0 பதிப்பு வரை இதுவே இயல்பிருப்பாக இருந்தது. அதன் பின்னர் பாதுகாப்பான சிங்க் தெரிவு இயல்பிருப்பாயிற்று. மின்கலக் காப்புள்ள வன்தட்டுக் கட்டுப்படுத்தியைப் பொருத்துவதன் மூலம், பாதுகாப்பை இழக்காமல் எழுதும் வேகத்தைக் கூட்டலாம்.

சிறு கோப்புகள்

சிறு கோப்புகளைக் கையாளும்போது இணைப்பின் கொள்ளளவைவிட மறுமொழி நேரமே வேகத்தை முடிவுசெய்கிறது. எடுத்துக்காட்டாக, 10,000 கோப்புகளுள் ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து 3 கோரிக்கைகள் தேவைப்பட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 1 மில்லிநொடி ஆனால், காத்திருப்பிலேயே 30 நொடிகள் கழியும். வேகமான இணைப்பு இதைப் பெரிதும் குறைக்காது. கோப்புகளை டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பி, வழங்கியிலேயே பிரிப்பது இதற்கு எளிய தீர்வாகும்.