அழுத பிள்ளைக்கே பால்: பிரிட்டனில் மின்கட்டணப் பேரத்தின் வரலாறு

காய்கறிக் கடையில் பேரம் பேசுவது எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் பேரம் பேச முடியுமா? பிரிட்டனில் ஒரு காலத்தில் முடிந்தது. அப்போது அங்கே அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே நிறுவனத்திடம் மின்சாரமும் எரிவாயுவும் வாங்கின. இரண்டிலும் பயன்பாடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒரு வீட்டுக்காரர் மற்றவரைவிட ஆண்டுக்கு 300 பவுண்ட் வரை கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அவர்தான் அந்த நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளராக இருந்தார். இந்த விசித்திரமான நிலை எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சில பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அரசின் கையில் இருந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல் பிரிட்டனின் மின்துறை தேசியமயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எரிவாயுத் துறையும் அரசிடம் வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாரியம் இருந்தது. அந்த வாரியம் அறிவிக்கும் விலைதான் அந்தப் பகுதிக்கு விலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும், மக்கள் கட்டுவார்கள். விலை அதிகம் என்று நினைத்தால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம், பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். தனக்கு மட்டும் குறைத்துத் தரும்படி கேட்க வழியில்லை.

மார்கரெட் தாட்சர் ஆட்சியில் இந்த ஏற்பாடு மாறியது. 1986-ல் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1990 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த 12 வட்டார மின் நிறுவனங்கள் தனியார்மயமாயின. ஆனால் வீடுகளைப் பொறுத்தவரை உடனே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. முதலாளி மாறினாரே தவிர, கடை ஒன்றுதான். கட்டணத்துக்கு ஒழுங்குமுறை அதிகாரிகள் வரம்பு வைத்தார்கள்.

கடை பலவானது

உண்மையான மாற்றம் 1996 ஏப்ரலில் தொடங்கியது. இங்கிலாந்தின் தென்மேற்கில் சுமார் 5 லட்சம் வீடுகளுக்கு, எரிவாயுவை விரும்பிய நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளும் உரிமை சோதனை முறையில் கொடுக்கப்பட்டது. 1998-க்குள் அது நாடு முழுவதும் பரவியது. மின்சாரத்தில் 1998 செப்டம்பரில் தொடங்கிய மாற்றம் 1999 மே மாதம் நிறைவுற்றது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனியாக இருந்த ஒழுங்குமுறை அலுவலகங்கள் இணைக்கப்பட்டு ஆஃப்ஜெம் உருவானது. போட்டி வந்துவிட்டது, இனி சந்தையே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய ஆஃப்ஜெம், 2002 ஏப்ரலில் வீட்டுக் கட்டணங்களின் மீதிருந்த கடைசிக் கட்டுப்பாடுகளையும் நீக்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பியும் குழாயும் மாறுவதில்லை. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அதே கம்பியில் அதே மின்சாரம்தான் வரும். மாறுவது பில் அனுப்பும் நிறுவனமும் யூனிட் விலையும் மட்டுமே. பொருளில் வித்தியாசம் இல்லாதபோது வாடிக்கையாளரை இழுக்க விலை ஒன்றுதான் ஆயுதம்.

நிறுவனங்கள் அந்த ஆயுதத்தை ஒரு தந்திரத்தோடு பயன்படுத்தின. புதிதாக வருபவருக்குக் குறைந்த விலையில் ஓராண்டுத் திட்டம். ஆண்டு முடிந்ததும் அவர் தானாகவே 'வழக்கமான மாறும் கட்டணம்' என்ற திட்டத்துக்கு மாற்றப்படுவார். பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே விலை கூடிய திட்டம். ஒருமுறைகூட நிறுவனம் மாறாமல், வாரியக் காலத்திலிருந்து அப்படியே தொடர்ந்தவர்களும் இந்தத் திட்டத்தில்தான் இருந்தார்கள். புதியவருக்குக் கொடுத்த சலுகையின் செலவைப் பழையவர் சுமந்தார்.

பேரம் நடந்த விதம்

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிறுவனத்தையே மாற்றுவது. 2000-க்குப் பிறகு வந்த விலை ஒப்பீட்டு இணையதளங்கள் இதை எளிதாக்கின. இன்னொன்று, இருக்கும் நிறுவனத்திடமே பேரம் பேசுவது.

இதற்கும் ஒரு முறை இருந்தது. பேச நினைப்பவர் முதலில் தன் வீட்டின் ஆண்டுப் பயன்பாடு எத்தனை யூனிட் என்று பழைய பில்களிலிருந்து எடுத்துக்கொள்வார். வேறொரு நிறுவனம் அதே பயன்பாட்டுக்கு என்ன விலை சொல்கிறது என்பதைக் குறித்துக்கொள்வார். ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் அபராதம் உண்டா என்று பார்ப்பார். பிறகுதான் போன். முதலில் எடுக்கும் ஊழியருக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. "நான் வேறு நிறுவனத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் அழைப்பு இன்னொரு பிரிவுக்குப் போகும். விலகப் போகிறவர்களைத் தக்கவைப்பதே அந்தப் பிரிவின் வேலை. அதுவரை கண்ணில் படாத மலிவான திட்டம் அங்கே வெளியே வரும். ஓராண்டு கழித்து அந்தத் திட்டமும் முடியும். மறுபடி போன், மறுபடி பேரம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற பழமொழி இதற்கு அப்படியே பொருந்தும். பிரச்சினை என்னவென்றால், எல்லாப் பிள்ளைகளாலும் அழ முடியவில்லை.

அழத் தெரியாதவர்கள்

போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு 2016 ஜூனில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அந்த விலை கூடிய வழக்கமான கட்டணத்திலேயே இருந்தார்கள். போட்டி முழுமையாக இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட, வீடுகள் 2012 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்ட் கூடுதலாகக் கட்டியதாக ஆணையம் கணக்கிட்டது.

யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் முக்கியமான பகுதி. ஆண்டு வருமானம் 36,000 பவுண்டுக்கு மேல் உள்ள குடும்பங்களில் 35 சதவீதம் பேர் முந்தைய மூன்று ஆண்டுகளில் நிறுவனம் மாறியிருந்தார்கள். 18,000 பவுண்டுக்குக் கீழ் உள்ளவர்களில் 20 சதவீதம் பேர் மட்டுமே மாறியிருந்தார்கள். முதியவர்கள், குறைந்த படிப்பு உள்ளவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆகியோரும் அசையாமல் இருந்தவர்களில் அதிகம். முன்பணம் செலுத்தும் மீட்டர் வைத்திருந்த ஏழை வீடுகளுக்கு மலிவான திட்டங்களே அரிதாகத்தான் இருந்தன. கடைசியில், வசதி குறைந்தவர் கட்டிய கூடுதல் பணம் வசதி உள்ளவரின் சலுகைக்கு உதவியது.

விதிகள் போட்ட முடிச்சு

இந்த அநியாயம் ஆஃப்ஜெம்முக்கு முன்பே தெரிந்திருந்தது. 2008-ல் நடத்திய ஆய்வில், பழைய வட்டார வாடிக்கையாளர்களிடம் நிறுவனங்கள் கூடுதலாக வாங்குவதைக் கண்டது. 2009-ல், செலவில் வித்தியாசம் இல்லாமல் விலையில் வித்தியாசம் காட்டக்கூடாது என்று விதித்தது. விளைவு எதிர்பாராதது. நிறுவனங்கள் பழையவருக்கு விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் புதியவருக்குக் கொடுத்த தள்ளுபடியை நிறுத்தின. மின்துறையின் முதல் ஒழுங்குமுறை அதிகாரியாக இருந்த ஸ்டீபன் லிட்டில்சைல்டே இந்த விதி போட்டியைக் கெடுத்துவிட்டது என்று தொடர்ந்து விமர்சித்தார். 2012-ல் அது காலாவதியானது.

அடுத்து, திட்டங்கள் அதிகமாக இருப்பதால் மக்கள் குழம்புகிறார்கள் என்று கருதி, ஒரு நிறுவனம் ஒவ்வொரு எரிபொருளுக்கும் நான்கு திட்டங்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்ற விதி வந்தது. பேரத்துக்கான இடம் சுருங்கியது, ஆனால் அசையாமல் இருந்தவர்கள் அசையவில்லை. 2016-ல் ஆணையம் சொன்னபடி அந்த விதியும் கைவிடப்பட்டது.

விலை வரம்பு அரசியலாகவும் மாறியது. 2013-ல் தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், ஆட்சிக்கு வந்தால் கட்டணத்தை 20 மாதங்களுக்கு உயர்த்தவிட மாட்டோம் என்றபோது கன்சர்வேடிவ் கட்சி அதைக் கடுமையாகச் சாடியது. 2016 விசாரணைக் குழுவில் இருந்த பொருளாதார அறிஞர் மார்ட்டின் கேவ் மட்டும், வழக்கமான கட்டணத்துக்கே வரம்பு வேண்டும் என்று மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே கன்சர்வேடிவ் பிரதமர் தெரசா மே விலை வரம்பை வாக்குறுதியாக அறிவித்தார். 2018 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. 2019 ஜனவரி 1 முதல், மின்சாரமும் எரிவாயுவும் சேர்த்து, சராசரிப் பயன்பாடு உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 1,137 பவுண்ட் என்ற அளவில் வரம்பு வந்தது. வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு அல்ல. இருந்தாலும், போன் செய்யாதவரும் ஓரளவு காப்பாற்றப்பட்டார்.

பேரம் நின்ற ஆண்டுகள்

2021-ன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது. வரம்புக்குள் விற்றால் நஷ்டம் என்ற நிலையில் சிறிய நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வழங்கிவந்த பல்ப் நிறுவனம் அந்த நவம்பரில் அரசின் சிறப்பு நிர்வாகத்துக்குச் சென்றது. 2022 அக்டோபரில் வரம்பு 3,549 பவுண்டைத் தொட்டது. அரசே தலையிட்டு அதை 2,500 பவுண்ட் அளவில் நிறுத்தியது. அந்த மாதங்களில் வரம்பைவிட மலிவான திட்டம் எங்கும் இல்லை. பல ஆண்டுகளாகச் சாமர்த்தியமாகப் பேசி வென்றவரும், ஒருமுறைகூடப் பேசாதவரும் ஒரே விலை கட்டினார்கள்.

அந்த நெருக்கடியின் நடுவே, 2022 ஏப்ரலில், ஆஃப்ஜெம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. புதியவருக்குக் கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் பழைய வாடிக்கையாளருக்கும் கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் ஒன்றையொன்று விலையில் வெட்டிச் சரிவதைத் தடுப்பதே அப்போதைய நோக்கம். ஆனால் கால் நூற்றாண்டாகப் பழைய வாடிக்கையாளர்கள் போனில் கெஞ்சியும் மிரட்டியும் கேட்டது இதைத்தான்.

சந்தை திறக்கப்பட்டபோது, வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் நல்ல வியாபாரியாக இருப்பார் என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்கள். சிலர் அப்படி இருந்தார்கள். ஆனால் எண்பது வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்க வேண்டுமே தவிர, ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைப் பிரிவோடு வாதாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பேரம் பேசுவது ஒரு திறமை, அதற்குப் பலன் கிடைப்பதில் தவறில்லை. அந்தத் திறமை இல்லாதவரே அதற்கான பணத்தையும் கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் தவறு. பிரிட்டன் அதைச் சட்டமாக ஒப்புக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.