வயநாட்டுத் தங்கமும் கனடாத் தம்பியின் கேள்வியும்



அச்சுவேலியில் எங்களிடம் படித்து இப்போது ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "சேர், நான் புவிச்சரிதவியல் படிக்கிறன். தங்கம் தேடுற கம்பனிகளின்ர பங்கு வாங்கினா, மற்ற ஆக்களைவிட எனக்குக் கூட விளங்கும்தானே?" போடப் பார்ப்பது வீடு வாங்கச் சேர்த்த காசு. வரலாற்றைப் புரட்டித்தான் அவருக்குப் பதில் சொன்னோம். உங்களுக்கும் உதவலாம்.

1879இல் இந்திய அரசு, அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் திணைக்களச் செயலாளராக இருந்த புறோ ஸ்மித் என்பவரை தென்கிழக்கு வயநாட்டுக்கு அழைத்தது. இன்றைய நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர்ப் பகுதி அது. படிகப்பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்தார். உடனே லண்டனில் 30க்கு மேற்பட்ட கம்பனிகள் முளைத்தன. மூலதனம் ஏறத்தாழ 40 இலட்சம் பவுண். நோயில் அழிந்துகொண்டிருந்த கோப்பித் தோட்டங்கள் தங்க நிலமென்று கொள்ளை விலைக்கு விற்கப்பட்டன. சில வருடங்களில் எல்லாம் சரிந்தது.

தங்கம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு தொன் பாறையில் கிடைத்த தங்கம் அதை வெட்டி அரைக்கும் செலவுக்கே காணவில்லை. "இருக்கிறதா?" என்பது புவிச்சரிதவியலின் கேள்வி. "கட்டுப்படியாகுமா?" என்பது வேறு கேள்வி.

அதே காலத்தில் கோலாரிலும் மைசூர்க் கம்பனி தோண்டியது. அங்கும் காசு முடியும் நிலை. பங்குக்காரர் கைவிடப் பார்த்தார்கள். மிஞ்சிய பணத்தில் பழங்காலத்தார் தோண்டிய குழிகளின் வழியே இன்னும் கீழே போனபோது சம்பியன் படிவு அகப்பட்டது. அந்தச் சுரங்கங்கள் 2001 வரை நடந்தன. 1882இல் இரண்டு பங்கையும் கையில் வைத்திருந்த ஒருவருக்கு எது கோலார், எது வயநாடு என்று எந்தப் பாடப்புத்தகம் சொல்லியிருக்கும்?

தம்பி இருக்கும் கனடாவிலேயே இன்னொரு பாடம் உண்டு. பிறீ-எக்ஸ் கம்பனி இந்தோனேசியாவின் பூசாங்கில் பெருந்தங்கம் கண்டதாகச் சொன்னது. சந்தை மதிப்பு 600 கோடி டொலர் வரை ஏறியது. 1997இல், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்தது அம்பலமானது. படித்த நிபுணர்கள் பலரும் நம்பி ஏமாந்தார்கள். அதன் பிறகுதான், தகுதிபெற்ற நிபுணர் பொறுப்பேற்காமல் கனிய வள அறிக்கை வெளியிட முடியாதபடி 2001இல் கனடாவில் விதி வந்தது.

அப்படியென்றால் படிப்பு வீணா? இல்லை. எதை வாங்குவது என்று அது சொல்லாது. எதை வாங்கக் கூடாது என்று பெரும்பாலும் சொல்லும். எத்தனை துளை போட்டார்கள், எவ்வளவு இடைவெளியில், மாதிரியை யார் சோதித்தார்கள் என்று கேட்கப் பழக்கும். முகாமையாளரின் நேர்மை, உலகச் சந்தை விலை, அரசின் அனுமதி ஆகியவை பாறையில் எழுதப்பட்டிருப்பதில்லை.

எங்கள் மார்க்கச் சட்ட நூல்கள், நிச்சயமற்றதை விற்பதற்குத் தண்ணீருக்குள் கிடக்கும் மீனை உதாரணம் காட்டும். நிலத்துக்குள் கிடக்கும் தங்கத்தை நினைக்கும்போது எங்களுக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். மேலே அள்ளிக் குடித்தவருக்குக் கீழே இருப்பது தெரியாது.

தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான்: ஆசையோடு படியுங்கள். வீட்டுக் காசைத் தொடாதீர்கள்.